கடலிலிருந்து பார்த்த கரை

"ஆகஸ்ட், இரண்டாம் சனி. காலையில் மழை. காகிதம், நீர்வண்ணம். விழிஞ்ஞம், கடலிலிருந்து. திருத்தம் ஒன்று, எங்கே என்று குறிக்கவில்லை."

என் கையெழுத்தில் உள்ள இந்தக் குறிப்பு ஒரு படத்தின் பின்புறத்தில் இருக்கிறது. சாலைக் கடைத்தெருவில், ஜவுளிக்கடைக்கு மேலே ஒரு மாடி அறையில், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு நடத்துகிறேன். எந்தப் படமானாலும் பின்னால் நாளும் இடமும் எழுதாமல் அடுக்கில் வைப்பதில்லை.

அந்த ஆண்டுக் கண்காட்சிக்கு 'என் இடம்' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். நிபந்தனை ஒன்றுதான்: இடம் உள்ளபடி இருக்க வேண்டும். இரண்டு மலையும் நடுவில் எட்டிப்பார்க்கும் சூரியனும் செல்லாது. கோட்டைக்குள்ளிருந்து வரும் பையன் தன் தெருவில் வண்டிகள் நிற்கும் வரிசையை வரைந்தான். இன்னொருத்தி தன் அடுக்குமாடியின் லிஃப்டை வரைந்தாள். கூட்டாளிகளைப் பார்ப்பது அங்கேதானாம்.

விழிஞ்ஞத்திலிருந்து வரும் பன்னிரண்டு வயதுப் பெண் வரைந்ததில் முக்கால்வாசி வெறும் கடல். அவள் அம்மாவுக்குக் கீழே ஜவுளிக்கடையில் வேலை, அப்பா மீன்பிடிப்பவர், கன்னியாகுமரிக் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். காகிதத்தின் மேல் ஓரத்தில் விரல் அகலத்துக்குக் கரை. அதில் மாதா கோயில் கோபுரம், அதன் பின்னால் ஒரு மலைமுனை. தள்ளி ஒரு வெள்ளைக் கட்டடம், அதன் பின்னால் உயரமான ஒற்றைத் தென்னை.

"உன் வீடு எங்கடீ? முங்கிப்போச்சா?" என்றாள் லிஃப்ட் வரைந்தவள்.

"இது வீட்டுலேருந்து பாத்ததில்ல. அப்பாக்க வள்ளத்துலேருந்து பாத்தது. ஒருக்கா என்னையும் கொண்டுபோனாரு."

"துறைமுகத்துக் கிரேன்கள் எங்கே?" என்று நான் கேட்டேன்.

"அது தண்டவாளத்துல நடக்கும் சார். நடக்குறத வரைஞ்சா இடம் தப்பிப்போவும்."

இதைவிட உள்ளபடி யார் வரைவார்கள்? சுவரின் நடுவில் மாட்டினேன்.

கண்காட்சி அன்று மழை விட்டதும் அவள் அப்பா வந்தார். அதற்குள் அதே கரையைச் சேர்ந்த இன்னொருவர், வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் தகப்பனார், படத்தில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"ஓய், உம்ம மவ நல்லாப் படம் போடுதாளே! கோபுரத்துக்கு நேரே மலை, கட்டடத்துக்கு நேரே தெங்கு. நாளைக்கு நானும் அந்தப் பக்கமா ஒண்ணு போயிட்டு வாறேன்" என்று சொல்லி ஃபோனை எடுத்தார்.

அப்பா சட்டென்று படத்தை மறைத்து நின்றார். "என்னை எடும் ஓய். நானும் பாக்க நல்லாத்தான் இருக்கேன்."

வந்தவர் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனதும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"சாரே, கடலுக்கடியில ஒரு பாறை உண்டு. பாருன்னு சொல்லுவோம். கலவா மீனெல்லாம் அங்கதான் கெடக்கும். கரையில இந்த ரெண்டும் நேரா வரணும், அந்த ரெண்டும் நேரா வரணும். ரெண்டும் ஒத்து வாற எடத்துல தூண்டில எறக்கணும். அதுதான் கணிச்சம். எங்க அப்பா எனக்கு மட்டும் சொன்னது. இவ செவத்துல ஒட்டி வச்சிருக்கா!"

"இப்போதுதான் ஜி.பி.எஸ். இருக்கிறதே?"

"அந்தப் பெட்டிக்கும் மொதல்ல நாமதான எடத்தச் சொல்லிக்கொடுக்கணும்?"

படத்தை எடுத்து உள்ளே வைத்துவிடலாம் என்றேன். அந்தப் பெண் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்கப்பிடாது. எல்லாருக்க எடமும் செவத்துல இருக்கு. எனக்குள்ளது மட்டும் அலமாரிக்குள்ளயா?"

"மக்களே, இது நம்ம சோறு."

"இது என் படம்."

கண் கலங்கியிருந்தது, பிடித்த கை தளரவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே அவளே கேட்டாள்: "ஒண்ணே ஒண்ண எடம் தள்ளி நீக்கி வச்சா பாரு தப்பிப்போவுமா?"

"மயிரிழை நீங்கினாலே போச்சு."

"அப்ப நீக்கி வைக்கேன். ஆனா இங்கதான் தொங்கணும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளபடி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை என்னுடையது. நான் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, தூரிகையையும் வெள்ளையோடு மற்ற வண்ணங்களையும் எடுத்துக் கொடுத்தேன். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வரைந்தாள். எதை நகர்த்தினாள் என்று தெரியாதபடி கரை அடையாளங்கள் நான்கின் மேலும் புதிதாக வண்ணம் பூசியிருந்தாள்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "மாட்டும் சாரே. இத நம்பிப் போறவனுக்கு மண்ணுதான் கிட்டும்."

மாட்டி முடித்ததும் குரலைத் தாழ்த்தினார். "சாருக்க ஃபோன்ல?"

முந்தின நாளே எல்லாப் படங்களையும் எடுத்து வைத்திருந்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு பதிவையும் நான் அழித்ததில்லை. அந்தப் படத்தை மட்டும் அவர் கண் முன்னாலேயே அழித்தேன். ஃபோனில் அழித்தவை போய்ச் சேரும் இடத்திலிருந்தும் நீக்கினேன்.

டீ குடிக்கப் போனவர் திரும்பி வந்து, ஆற அமர நின்று, படத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பெண் பக்கத்தில் நின்று, வெளிச்சம் விழாத பக்கமாக அவரைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

கண்காட்சி முடிந்ததும் படத்தை என்னிடமே விட்டுப்போனாள். "வீட்டுக்கு ஆளு வந்து போவும் சார். பாத்துப் பாத்து எது நீங்கியிருக்குன்னு கண்டுபிடிச்சிருவாங்க."

பிறகு ஒரு நாள் விழிஞ்ஞம் போய்க் கரையில் நின்று பார்த்தேன். கோபுரம், மலை, கட்டடம், தென்னை நான்கும் இருக்கின்றன. எதற்கு நேரே எது என்பது கடலிலிருந்துதான் தெரியும். நான்கில் அவள் எதை நகர்த்தினாள் என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.