டிஸ்பென்சரி பூட்டியிருந்த காலை

என் வீட்டுக்காரர் செல்வராஜ் பிழைக்கமாட்டார் என்றே நினைத்தேன். ஏலப்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் நான் கொழுந்து கிள்ளுகிறேன். அவர் ஃபேக்டரியில் தேயிலை சலிக்கிறவர். "தூசியில நிக்கிறவன் இருமாம என்ன செய்வான்?" என்று எல்லாரும் லேசாகச் சொல்லிவிட்டார்கள். போன மழைக்காலத்தில் நாலு எட்டு வைத்தாலே அவருக்கு மூச்சு வாங்கியது.

கீழே ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தார்கள். இருதயத்தின் வலது பக்கம் பெருத்திருக்கிறதாம். நுரையீரலுக்குப் போகிற குழாயில் அழுத்தம் கூடியிருக்கிறதாம். காரணம் மட்டும் பிடிபடவில்லை. இரத்தத்திலும் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். திரும்பத் திரும்ப இதே பாட்டு. எனக்கு வெறுத்துப்போனது.

சபையில் ஒரு அக்கா, "விசுவாசம் பத்தல கிரேஸ்" என்றார். "விசுவாசம் இல்லாமலா இந்த மனுஷனை இழுத்துக்கிட்டு அலையுறேன்?" என்று கேட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு மலையிறங்குமுன் எஸ்டேட் டிஸ்பென்சரியில் அவருக்கு மூச்சிரைப்புக்கு ஒரு ஊசி போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். இல்லாவிட்டால் பஸ்ஸில் இருமுகிற இருமலுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். ஆனால் ஒரு நாள் காலை டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. மழையில் நின்றபடியே கத்தினேன். "ஆண்டவரே, ஒரு ஊசிதான கேட்டேன்? அதுகூடவா உம்மால குடுக்க முடியல?" அதுதான் என் ஜெபம். அழகான வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை.

ஊசி போடாமலே கீழே இறங்கினோம். அன்று ஆஸ்பத்திரியில் பார்த்தவர் புது டாக்டர், மலையாளி. "இன்னைக்கு ஊசி கிடைக்கல சார், அதான் இப்படி இருமுறாரு" என்றேன். அவர் நிமிர்ந்தார். "எந்த ஊசி? எப்பவும் போட்டிட்டா வருவீங்க?" உடனே இரத்தம் எடுக்கச் சொன்னார்.

யானைக்கால் வியாதியைக் கொடுக்கிற புழுவாம். காலை விட்டுவிட்டு நுரையீரலைக் கெடுத்து, இருதயம் வரை பாரம் ஏற்றியிருக்கிறது. இரத்தத்தில் அதைக் காட்டிக்கொடுக்கிற அணுக்களை அந்த ஊசி அமுக்கிவிடுமாம். "போடாம வந்தது நன்னாயி, கேட்டோ" என்றார்.

சந்தோஷத்துக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நாங்களே நோயை மறைத்துக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, டாக்டர்களைத் திட்டியிருக்கிறோமே!

அந்த டாக்டர் கொடுத்த மாத்திரையில் இருமல் அடங்கியது. அடுத்த எக்கோவில் அழுத்தம் இறங்கியிருந்தது. முழுதும் சரியாகவில்லை, தேயிலை சலிக்கிற வேலையை விட்டுவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேடேறி, எங்கும் நிற்காமல் சபைக்கு வருகிறார்.

சகோதரரே, சகோதரிகளே, அழகாய் ஜெபிக்க வராவிட்டால் சண்டை போட்டாவது ஆண்டவரிடம் கேளுங்கள். நான் கேட்ட ஊசியை அவர் தரவில்லை. என் புருஷனைத் தந்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.