கண்ணுக்குள் புகுந்த திரை

எங்கள் கடற்கரையில் சிலுவைதாசனைப் போல யாரையும் நம்பாத மனிதர் கிடையாது. விலைக்கு வாங்கிய உப்பைக்கூட நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் மீன்மேல் தூவுவார். 1949இல் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மயக்கமருந்தை முகரக் கொடுக்காமல் கை நரம்பில் ஊசியாக ஏற்றினார்கள். மருந்து ஏறியதும் வாயில் வெங்காய நாற்றம் அடித்தது மட்டும்தான் அவருக்கு நினைவு. கண் விழித்தபோது மனைவி வேளாங்கண்ணி இரண்டாகத் தெரிந்தாள்.

“கையில குத்தினதுக்குக் கண்ணு எதுக்குக் கலங்குது? என்னத்தையோ மறைக்கானுவ” என்றார்.

டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். “மருந்து இறங்கினா சரியாயிரும். உள்ள திரை நல்லாத்தான் இருக்கு.”

டாக்டர் சொன்னது விழித்திரையை. எங்கள் கடற்கரையில் திரை என்றால் அலை. ஊசி வழியாகக் கண்ணுக்குள் கடலை ஏற்றிவிட்டார்கள் என்று சிலுவைதாசன் முடிவுகட்டினார். மறுநாளே பார்வை தெளிந்தது.

“திரை பதுங்கிக் கெடக்கு” என்றார்.

அதன்பிறகு தினமும் கடலுக்குப் போகுமுன், கோயில் உச்சிச் சிலுவை ஒன்றா இரண்டா என்று ஒவ்வொரு கண்ணாகப் பொத்திச் சோதிப்பார்.

“ஒருத்தியையே தாங்க முடியாத மனுசனுக்கு ரெண்டு பேரைக் கண்டா பயம் வராதா?” என்று வேளாங்கண்ணி சிரிப்பாள்.

ஆறாம் வருடம் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். கல்லறையில் மண் போடும்போது அவர் முகம் நனைந்திருந்தது. தோளைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டார்.

“நான் அழல்ல, மக்கா. அந்த ஊசிக்க திரை. இப்பம்தான் கரையேறுது.”