பதினொரு மணி மழை

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எலைன் குடையைப் பிடித்தாள். அவள் அப்பா அம்புரோஸ் மழைமானியின் புனலைக் கழற்றி, உள்ளிருந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார். அறுபத்திரண்டு மில்லிமீட்டர். நோட்டில் அதை எழுதிப் பக்கத்தில் நேரத்தையும் போட்டார்: பதினொன்று ஐந்து. இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

தேயிலைக்கு மருந்தடிக்கச் சேர்ந்த அம்புரோஸிடம் இருபத்தாறு வருடங்களுக்கு முன் தோட்டத் துரை அந்த மழைமானியையும் ஒப்படைத்தார். தினமும் காலை எட்டு மணிக்கு அளக்க வேண்டும். காய்ச்சலிலும் அளந்தார், மனைவியை அடக்கம் செய்த நாளிலும் அளந்தார். ஞாயிறு மட்டும் தப்பும். எட்டு மணிக்குத் தானா ராத்தா டவுன் சர்ச்சில் பூசை. வீடு திரும்பப் பதினொன்றாகிவிடும்.

"சாமிக்கு ஒரு மணி, மழைக்கு ஒரு மணியாண்ணே?" என்று பக்கத்து வீட்டு பார்பரா சீண்டுவாள். ஆனாலும் எட்டு என்று பொய்யாக எழுத அவருக்குக் கை வராது.

தோட்டத் தொழிலாளர் லயத்தின் பன்னிரண்டு வீடுகளுக்குப் பின்னால் மலைச்சரிவு மழைக்கு மழை கரைந்துகொண்டிருந்தது. பார்பராவின் சமையலறைச் சுவர் பாதி மண்ணுக்குள். அதிகம் புகை கக்கிய நாடுகள், அதனால் அடிபடும் ஊர்களுக்குத் தடுப்புச் சுவர் கட்டித் தரும் திட்டம் ஒன்று வந்தது. மழை கூடியிருப்பதை ஊர்தான் நிரூபிக்க வேண்டும். கோலாலம்பூரில் பொறியாளராக இருந்த எலைன், அப்பாவின் நோட்டுகளை வைத்து விண்ணப்பத்தை நிரப்பினாள். அளந்த நேரம் மாறியதுண்டா என்ற கட்டத்தில், படித்த படிப்புக்கு நேர்மையாக, 'ஆம்' என்று குறித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அடிக்கப்பட்டு விண்ணப்பம் திரும்பியது. சரிவு இறங்கிய மூன்று பெருமழைகளும் ஞாயிறில்தான் பதிவாகியிருந்தன. நேரம் மாறிய காரணத்துக்குச் சான்று வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் சுவர் இல்லை.

அம்புரோஸ் அவளைக் குறை சொல்லவில்லை. அந்த ஞாயிறு மதியம், வந்த கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அத்தன வருசமா புகை விட்டானுங்களே, அவனுங்ககிட்ட யாரும்மா மணி கேட்டது?"

எலைன் கடிதத்தை மடித்து உறையில் வைத்தாள். அவரே சமாதானம் சொன்னார். "சரி லா. பூசை எட்டு மணிக்குத்தான்னு ஃபாதர்கிட்ட லெட்டர் வாங்கிடுறேன். சாமியார் சொன்னா நம்புவானுங்க. புதன்கிழமை மோட்டார் பைக்குல போயிட்டு வந்துடுறேன், நீ லீவு போடாத."

அவள் கோலாலம்பூருக்குத் திரும்பினாள். செவ்வாய் மாலை, முதுகிலிருந்த மருந்து டாங்கை இறக்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

வியாழன் அடக்கம். குழியருகே ஃபாதர் அவள் கையைப் பிடித்து, ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றாள். வெள்ளியும் போயிற்று. ஃபாதரிடம் வாங்க வேண்டிய கடிதம் அவள் நினைவுக்கே வரவில்லை.

ஞாயிறு, அப்பாவுக்கான பூசை முடிந்து, அவருடைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மழைமானிக்குப் போனாள். புதன் முதல் யாரும் அளக்கவில்லை. தண்ணீர் ஒரு குவளையில் அடங்கவில்லை. மூன்று முறை ஊற்றிக் கூட்டினாள். எழுதப் பேனா தேடிக் கோட்டின் பைக்குள் கைவிட்டாள்.

மடித்த தாள் ஒன்று வந்தது. அம்புரோஸ் ஞாயிறு தவறாமல் எட்டு மணிப் பூசைக்கு வந்தது உண்மை என்று அப்பாவே பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 'ஃபாதர் கையெழுத்து'. மேலே வெறும் இடம்.