புங்கமரத்தடியில் பாறை

எங்கள் தெருவில் இருந்த குடிசைகள் யாவும் தெருவைப் பார்த்தே நின்றன. எங்கள் குடிசை மட்டும் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கழனியைப் பார்த்து நின்றது. முன்பு அதுவும் மற்றவற்றைப் போலத்தான் இருந்ததாம். நான் பிறப்பதற்கு முந்தைய கோடையில், நைனா பின்சுவரை உடைத்து அங்கே வாசல் வைத்து, பழைய வாசலை மண் குழைத்து அடைத்துவிட்டாராம். அதனால் எங்களைப் பார்க்க வருபவர்கள் சுவரைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். நுழையும்போதே ஆளுக்கொரு கேலியைக் கொண்டுவந்து இறக்குவார்கள்.

"ஊரோட பேச்சுவார்த்த வேணான்னு ஊட்டயே திருப்பி வச்சிக்கினியா, மாமா?" என்று என் தாய்மாமன் வரும்போதெல்லாம் கேட்பார்.

"காத்து வருதுடா" என்பார் நைனா. காற்றுக்காகத்தான் என்று நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

எங்கள் ஊர் சத்தியவேட்டிலிருந்து மாட்டுவண்டியில் போய்வரும் தொலைவில் இருந்தது. எங்களுக்குச் சொந்தமாக நிலம் கிடையாது. நைனா கிணறு வெட்டுபவர். நடவும் களையெடுப்பும் இருக்கும் மாதங்களில் அம்மா கழனிக்குப் போவாள். கோடையில் நைனாவோடு கிணற்றுக்குப் போவாள். உள்ளே அவர் தோண்டி நிரப்பும் கூடையை மேலே நின்று இழுத்துக் கொட்டுவது அவள் வேலை. கூலி பேசும்போது மண்ணுக்கு ஒரு விலை, பாறைக்கு ஒரு விலை. கூலியை ஏற்றிக்கொள்வதற்காக இறுகிய மண்ணையும் பாறை என்று சொல்லும் ஆட்கள் அக்காலத்திலும் இருந்தார்கள். நைனா அப்படிச் சொன்னதில்லை. அவர் பாறை என்று குரல் கொடுத்தால், நிலத்துக்காரர் குனிந்து பார்ப்பதுகூட இல்லை. எங்கள் குடும்பத்துக்கு இருந்த சொத்து அந்த ஒரு சொல்தான் என்று கூறினால் அது மிகையாகாது.

எனக்கு முன்னே ஓர் ஆண்பிள்ளை பிறந்து, பெயர் வைக்கும் முன்பே இறந்துபோயிருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெயர் வைக்காத பிள்ளையைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போவதில்லை. தகப்பனே தனியாகக் கொண்டுபோய்க் கழனி ஓரத்தில் ஏதேனும் ஒரு மரத்தடியில் அடக்கம் செய்வார். அவ்விடத்தில் அடையாளம் வைப்பதில்லை. பிறகு அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. பேசினால் அடுத்த பிள்ளை தங்காது என்ற அச்சம். அந்த அடுத்த பிள்ளை நான். ஆகவே எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. திருமணமாகி முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோதுதான் அம்மா தன் வாயால் எனக்குச் சொன்னாள்.

சிறுமியாக நான் கண்டது இவ்வளவே. ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே கிடந்த புறம்போக்கில் ஒரு புங்கமரம் நின்றது. கழனியிலிருந்து திரும்பும் அம்மா, குடித்து மீந்த தண்ணீரை ஒரு நாளும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அம்மரத்தடியில் ஊற்றிவிட்டுத்தான் வருவாள். அவள் மரம் வளர்க்கிறாள் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து சில ஆண்டுகள் கழித்து, எல்லையோரத்து ஊர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் பேச்சு எழுந்தது. எங்கள் ஊர் ஆந்திரத்துக்கு என்றும், புங்கமரத்துக்கு அப்பாலுள்ள ஊர் மெட்ராசுக்கு என்றும் முடிவாயிற்று. டீக்கடையில் ஓயாத சிரிப்பு. "என் ஆட்டுக்குத் தெலுங்கு தெரியாதேப்பா, நாளைக்கு எப்பிடி மேயும்?" என்றார் ஒருவர். "நீ இந்தாண்ட குந்திக்கினு அந்தாண்ட துப்பாத. மெட்ராசு போலீசு வந்து புடிச்சிக்கினு பூடுவான்" என்றார் மற்றவர்.

பின்னர் சர்வேயர் வந்தார். சங்கிலி பிடித்து அளந்து, கொடி நட்டுக்கொண்டே போனார்கள். கொடி நின்ற இடமெல்லாம் மறுநாள் எல்லைக்கல் நிற்கும். குழி தோண்ட நைனாவை அழைத்தார்கள். கிணற்று வேலை இல்லாத மாதம் அது. வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. அம்மகிழ்ச்சி, ஒரு மாலையில் புங்கமரத்தடியிலும் கொடி நடப்படும் வரைதான் நீடித்தது.

அன்று அம்மா உலை வைக்கவில்லை.

"எங்கனா நட்டுக்கட்டும்யா. அங்க வேணாம்."

"நான் இன்னாமே செய்றது? கெவுருமெண்டு கோடு."

"கெவுருமெண்டுகிட்ட சொல்லு."

"இன்னான்னு சொல்லுவேன்? பேரு வச்சமா, ஊருக்குச் சொன்னமா? இன்னா கீது அங்கன்னு கேட்டா எத்தக் காட்டுவேன்?"

"அப்போ நாளைக்குப் போவாத."

"நான் போவலன்னா வேற ஆளு தோண்டுவான்" என்றார் நைனா. மரத்தின் வேர் அறுபட்டுவிடும் என்றுதான் வருந்துகிறார்கள் போலும் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் காலை அம்மா நடவுக்குச் செல்லவில்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு வந்து நின்றாள். மாட்டுவண்டியில் கல் வந்து இறங்கியிருந்தது. சர்வேயர் தெலுங்கு பேசுபவர்; வயதில் இளையவர். நைனா கொடியைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். கடப்பாறையை உயர்த்தினார். அவர் ஓங்கிப் போட்டால் மண் அதிரும், நான் பார்த்திருக்கிறேன். அன்றோ, தூங்கும் ஒருவரின் பக்கத்தில் பொருளை வைப்பது போல, கடப்பாறையின் முனையைத் தரையில் வைத்தார்.

"பாறைங்க அய்யா. குழி எறங்காது."

வண்டிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "இன்னாண்ணே, பாறையா? ஏரு ஓட்ன மாதிரி பொலபொலன்னு கீது!"

எனக்கும் பொறுக்கவில்லை. "அது மண்ணுதான நைனா! நான் அங்க ஊடு கட்டி வெளாடுவனே!" என்று கத்தினேன். அம்மாவின் கை என் வாயை மூடியது. உதடு பல்லில் பட்டு வலிக்கும்படி அழுத்தி மூடியது.

சர்வேயர் என்னைப் பார்த்தார்; பிறகு அம்மாவைப் பார்த்தார். "ஏமம்மா, ராயா?" பாறையா என்று தம் மொழியில் அவர் கேட்டார். அம்மாவுக்குத் தெலுங்கு நன்றாக வரும். ஆயினும் தலையை மட்டும் அசைத்தாள். அந்த அசைவில் இடுப்புக் குடம் சாய்ந்து, தண்ணீர் கொடி இருந்த இடத்தில் கொட்டிற்று. கொட்டிய நீர் ஓடவில்லை, தேங்கவில்லை. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண் அதைக் குடித்துவிட்டது.

ஈரம் மட்டும் எஞ்சி நின்ற அவ்விடத்தைச் சர்வேயர் சிறிது நேரம் நோக்கினார். மெல்ல நடந்து வந்து, காலில் இருந்த செருப்பை ஓரமாகக் கழற்றி விட்டார். நைனாவின் கையிலிருந்து கடப்பாறையை வாங்கித் தரையை ஒருமுறை தொட்டார்.

"அவுனு. ராயே" என்றார். ஆமாம், பாறைதான்.

வண்டிக்காரரின் சிரிப்பு நின்றது. கல்லை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று சர்வேயர் நைனாவைக் கேட்டார். நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பால், மெட்ராசுப் பக்கமாகக் கையைக் காட்டினாள். மரமும் மரத்தடியும் எங்கள் பக்கம் இருக்கும்படி, கொடி ஒரு முழம் தள்ளி நடப்பட்டது.

அந்தப் புது இடத்தில் நைனா கடப்பாறையை ஓங்கிப் போட்டார். ஒரே போடில் அது பாதிவரை இறங்கிவிட்டது. ஒரு முழத்துக்கு அந்தாண்டை பாறை எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. சர்வேயர் திரும்பி நின்று, தொலைவில் இருந்த பனைமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று டீக்கடையில் வண்டிக்காரர் செய்தியைப் பரப்பிவிட்டார். "மெட்ராசு நாட்ல ஒரு மொழம் புடிச்சிக் குட்த்துட்டியே, உனுக்கு ராஜாப் பட்டமே கட்லாம்ண்ணே!" என்று பலரும் நைனாவைச் சீண்டினார்கள். எனக்கோ தாளாத குழப்பம். பாறை என்று ஒரு நாளும் பொய் சொல்லாதவர் சொல்லிவிட்டார். அதைச் சர்க்காரும் ஆமாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டது. பெரியவர்கள் இருவர் சேர்ந்து சொன்னால் மண்ணும் பாறையாகிவிடும் போலும் என்று முடிவு கட்டினேன்.

அந்தி சாயும் நேரத்தில் காற்று எழுந்து புழுதி வீட்டுக்குள் வந்தது. கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டேன்.

"தொறந்தே கெடக்கட்டும்" என்றாள் அம்மா.

அவள் வாசற்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நைனா சோற்றைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்து, "துன்னு" என்றார். நான் அறிந்தவரை அவர் அம்மாவுக்குச் சோறு எடுத்து வைத்தது அன்றுதான். அவள் பார்வை கழனியைத் தாண்டிப் போயிருந்தது. புதுக்கல் வெள்ளையாகத் தெரிந்தது. இன்று முதல் வேறு நாடாகிவிட்ட மெட்ராசைத்தான் அவள் அவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள் என்று நான் நினைத்தேன். அப்படி என்னதான் இருக்கிறது என்று அறியும் ஆவலில் நானும் அவளை ஒட்டி உட்கார்ந்து, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"ஒன்னும் தெரியலியேம்மா. மரம் மறைக்குது" என்றேன்.