வாழ்த்து அட்டையில் விழுந்த கறை

மூன்று வருடங்களுக்கு முன்னால், பொங்கல் முடிந்த அடுத்த வாரத்தில் நடந்தது இது. நான் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் கோலியனூரில் இருக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். இதை எழுதுவதற்கே இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

விழுப்புரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்தில் பல வருடங்கள் பேப்பர் வெட்டும் மெஷினில் நின்றேன். முதுகு வலி வந்து, நிற்க முடியாமல் வீட்டோடு ஆகிவிட்டேன். அந்தச் சமயத்தில் எங்கள் மாதா கோயிலில் ஒரு சிஸ்டர் பெண்களுக்குக் கையால் வாழ்த்து அட்டை செய்யக் கற்றுக் கொடுத்தார். கற்கப் போனது என் மனைவி. அவளுக்குப் பொறுமை போதவில்லை. அவளை அழைத்து வரப் போய் வெளியே நின்ற நான் ஜன்னல் வழியாகப் பார்த்தே கற்றுக்கொண்டேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் ஏற்பாடு இப்படி ஆனது: வருகிறவர்களிடம் பேசுவது அவள், குனிந்து வேலை செய்வது நான்.

வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ரப்பர் ஸ்டாம்பை நிறமில்லாத பசை மையில் ஒற்றி அட்டையில் அழுத்த வேண்டும். அப்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மேலே தங்க நிறப் பொடியைத் தூவித் தட்டிவிட்டால் மை பட்ட இடத்தில் மட்டும் பொடி நிற்கும். அதற்குச் சூடான காற்றைக் காட்டினால் பொடி உருகி, படம் மேடாக எழும்பி வரும். தடவினால் விரலுக்குத் தெரியும்.

இந்த வேலைக்கு விரல்தான் எதிரி. மை பட்ட விரல் தெரியாமல் எங்கே பட்டாலும் அங்கேயும் பொடி ஒட்டிக்கொள்ளும். சூடு காட்டிவிட்டால் பிறகு போகவே போகாது. அதனால் சுத்தம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. என் அட்டையில் ஒரு கறையை யாரும் காட்ட முடியாது என்று மனைவியிடம் பெருமையடிப்பேன்.

அன்று அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வாசலில் வந்து நின்றார். காணைப் பக்கம், கரும்பு வெட்டும் வேலை என்றார். முழங்கை வரை கரும்புச் சோகை, அந்தக் காய்ந்த இலை, கீறிய கோடுகள்.

"தொட்டா தெரியுமே, அந்த மாதிரி அட்டை நீங்கதான் போடுறீங்களா தம்பி? வேலைக்குப் போன வூட்டுல ஒண்ணு வெச்சிருந்தாங்க. எழுத்துன்னா எனக்குக் கண்ணுல ஏறாது. அது கையில ஏறிச்சி."

யாருக்கு என்று கேட்டேன். மகளுக்கு என்றார்.

"திண்டிவனத்துல கீது. மாசமா கீதாம். வூட்டுக்கு வாம்மான்னு போடுங்க. அது போதும்."

பெற்ற மகளைப் பற்றி ஏன் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதைப் போலப் பேசுகிறார் என்று தோன்றியது. கேட்கவில்லை. தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு அழைப்பது எங்கும் நடப்பதுதானே. ஸ்டாம்புகளையெல்லாம் பரப்பி வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்து, வளையல் படத்தைத் தேர்ந்தெடுத்தார்.

வளையலை ஒற்றினேன். எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒற்றினேன். அவர் மையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பொடி டப்பா பின்னால் அலமாரியில் இருந்தது. எழுந்து போய் எடுத்து வந்து, தூவி, தட்டி, சூடு காட்டினேன். என் கண் முழுக்க வளையல் மேல் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் பார்க்கிறேன், அட்டையின் கீழ் மூலையில் ஒரு கட்டைவிரல் தடம் தங்க நிறத்தில் எழும்பி நிற்கிறது. நடுவே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு வேறு.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. வேலையைக் கெடுத்துவிட்டோமே என்று கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நானே கூச்ச சுபாவம் உள்ளவன். ஒரு மனிதரின் தப்பை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வராது. "நல்லா வந்திருக்குங்க" என்றேன். தலையை ஆட்டினார். கவரில் போட்டு நீங்களே தபாலில் சேர்த்துவிடுங்கள் என்று மகளின் விலாசம் எழுதிய சீட்டைக் கொடுத்தார்.

"அனுப்புறவங்க பேரு போடணுங்களா?"

"வேணாம் தம்பி. உள்ள பாத்தா தெரியும்."

அவர் போன பிறகு புது அட்டை எடுத்து, அதே வளையல், அதே எழுத்து, கறையில்லாமல் இன்னொன்று செய்தேன். அதைத்தான் தபாலில் போட்டேன். அவருக்குச் சங்கடம் இல்லாமல் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக எனக்கு அன்று முழுக்க ஒரு திருப்தி. கெட்டுப்போன அட்டையை, புது ஸ்டாம்புகளை ஒற்றிப் பார்க்கும் அட்டைகளோடு போட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். மனைவி அடுப்பங்கரையில் இருந்தாள்.

"தம்பி, போஸ்ட்டு பண்ணிட்டீங்கதானே? பொண்ணுகிட்ட இருந்து ஒண்ணும் சேதி வரல. எங்கைநாட்டப் பாத்திருந்தா எதுனா சொல்லி அனுப்பியிருக்கும்."

எந்தக் கைநாட்டு என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது என் கண் தானாக அந்த ஒற்றிப் பார்க்கும் அட்டைகள் பக்கம் போனது.

அவர் தானாகவே சொன்னார். மகள் ஐந்து வருடத்துக்கு முன் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். இனி எனக்கும் என் மகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ஒரு தாளில் எழுதி, இவரைக் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். மகள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன்தான் கையப் புடிச்சி வெச்சாரு. புடிச்சாருன்னு சொன்னா பாவம், நானும் இழுத்துக்கல. அது அம்மாவும் இப்ப உயிரோட இல்ல. கைநாட்டு வெச்சி அத்து வுட்டேன். அப்பால வாய்ல கூப்புட்டா நம்புமா? அதான், நீங்க பொடி எடுக்கத் திரும்பினப்ப மூலையில வெச்சேன். தங்கமா எழும்பி வந்திச்சே, பாத்தீங்க இல்ல?"

பார்த்தேன் என்றேன். அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். "தபால் தாமதமாகியிருக்கும், விசாரிக்கிறேங்க" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அதையும் நம்பி, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அடுப்பங்கரையிலிருந்து மனைவி வந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"ஏங்க, எந்தக் கைநாட்டு?"

சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அஞ்சாங்கிளாஸ் படிச்சதுக்கே இவ்ளோ திமிரா? கைநாட்டுக்கும் கறைக்கும் வித்தியாசம் தெரியாம போயிடுச்சா உங்களுக்கு?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அச்சகத்தில் சம்பளம் வாங்கும்போது நான் கையெழுத்துப் போடுவேன். பக்கத்தில் நின்றவர்களில் இரண்டு பேர் கைநாட்டு வைப்பார்கள். வைத்துவிட்டுக் கட்டைவிரலைச் சுவரில் தேய்ப்பார்கள். அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஒரு படி மேலே நிற்பதாக எனக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்கிறது.

நல்ல வேளையாக அந்த அட்டை கிடைத்தது. ஆனால் அதன் மேல் பட்டாம்பூச்சி, ரோஜா, கிறிஸ்துமஸ் மணி என்று நான் ஒற்றிப் பார்த்ததெல்லாம் கிடந்தது. அந்தக் கூட்டத்துக்குக் கீழே மூலையில் கட்டைவிரல் மட்டும் அப்படியே இருந்தது. அவருடைய வீடு எங்கே என்று தெரியாது, போன் நம்பரும் இல்லை. கையில் இருந்தது மகளின் விலாசம் மட்டும்தான். பிரசவ நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

"நீ போய்க் குடுத்துட்டு வாயேன்" என்று மறுநாள் காலையில் மனைவியைக் கேட்டேன்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்காததால வந்தது இது. இதுக்கும் நானே போயி பேசணுமா? ஜல்தி கெளம்புங்க, பஸ்ஸு போயிடும்."

விழுப்புரம் போய்த் திண்டிவனம் பஸ் ஏறினேன். வழி முழுக்க என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இறங்கியபோது ஒரு வார்த்தைகூட நினைவில் நிற்கவில்லை.

விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். வயிறு நன்றாகத் தெரிந்தது. வளையல் அட்டை செய்தவன் நான் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். உள்ளே போய் அந்த அட்டையை எடுத்து வந்தார்.

"இத யாரு அனுப்பினதுன்னு நீங்களாச்சும் சொல்லுங்கண்ணா. எங்கப்பா அட்டை வாங்கி அனுப்பற ஆளே கெடையாது. எங்க பெரியப்பா புள்ளைங்கதான் கிண்டல் பண்ணிக்கினு கீறாங்க, தூக்கிப் போடுன்னாரு எங்க வூட்டுக்காரரு. எனக்குத்தான் மனசு வரல."

நான் பையிலிருந்து மற்ற அட்டையை எடுத்து நீட்டினேன். பட்டாம்பூச்சியையும் மணியையும் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "மூலையில பாரும்மா" என்றேன்.

பார்த்தார். அங்கிருந்த துணி துவைக்கும் கல்லில் மெல்ல உட்கார்ந்தார். ரேகையின் குறுக்கே இருந்த வெள்ளைக் கோட்டை நகத்தால் தொட்டார்.

"கரும்பு வெட்டறப்ப கத்தி பட்டது. நான் ரெண்டாவது படிக்கறப்ப. அன்னிக்கி ஸ்டேஷன் தாள்லயும் இந்தக் கோடு வுழுந்திச்சி."

பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: "இதுக்கு யாரு கையப் புடிச்சாங்க?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் அங்கே போக வேண்டியிருந்தது என்று இப்போது நினைக்கிறேன். என் வாழ்க்கையில் நான் தொடர்ந்து பேசியது அன்றுதான். யாரும் பிடிக்கவில்லை, யாரும் சொல்லவில்லை, நான் பொடி எடுக்கத் திரும்பிய நேரத்தில் அவராகவே வைத்தார், நான்தான் அதைக் கறை என்று நினைத்து மாற்றிவிட்டேன், நேற்று அவரிடம் பொய்யும் சொல்லிவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

அப்பாவின் வீடு எங்கே என்று கேட்டேன். வழி சொல்லிவிட்டு, "நான் வரேன்னு சொல்லாதீங்கண்ணா. கூட்டிக்கினு போறதுன்னா அவருதான் வரணும். வருவாரான்னு கேளுங்க" என்றார்.

கறை இருந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, சுத்தமான அட்டையை என்னிடம் நீட்டினார்.

"இது நீங்க போட்டது. நீங்களே வெச்சிக்கங்க."

அன்றைக்கே காணைக்குப் போனேன். அவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அட்டையை மாற்றியதை முதலில் சொன்னேன், பொய் சொன்னதை அடுத்துச் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"எங்கையி அழுக்குன்னு நெனச்சிட்டீங்களா தம்பி?"

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. "ஆமாங்க" என்றேன்.

கைகளை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். கோழி ஒன்று கட்டிலுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனது. மகள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"கோவமா சொல்லிச்சா, ஆசையா சொல்லிச்சா?"

"தெரியலீங்க. ஆனா நீங்க கைநாட்டு வெச்ச அட்டைய அவங்க திருப்பிக் குடுக்கல."

எழுந்தார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். திண்டிவனத்துக்கு இந்நேரம் பஸ் இருக்கா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் விழுப்புரம் வந்தோம். அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு காணையிலிருந்து கோயிலுக்கு வரும் ஒரு பெண் என் மனைவியிடம் சொன்னார். மகள் அப்பா வீட்டுக்கு வந்துதான் பிள்ளை பெற்றாளாம். பெண் குழந்தையாம். தாத்தா கையை விட்டு இறங்குவதே இல்லையாம். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஆனால் முழுக்க இறங்கவில்லை. அவர் அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. போய்க் கேட்கும் தைரியமும் இன்று வரை வரவில்லை.

அந்தக் குழந்தை பிறக்க வேண்டிய வீட்டின் கதவை என் சுத்தம் கிட்டத்தட்ட அடைத்தே விட்டிருந்தது. இப்போது வருகிறவர்களிடம் நானே பேசுகிறேன். தட்டுத் தடுமாறித்தான் பேசுகிறேன். ஒரு மனிதரின் கை பட்டதை அழுக்கு என்று முடிவு செய்ய எனக்கு ஒரு நொடிதான் ஆனது, இது என்ன என்று அவரையே கேட்பதற்கும் அதே ஒரு நொடிதான் ஆகியிருக்கும் என்ற நினைப்பு, ஒவ்வொரு அட்டைக்கும் சூடு காட்டும்போது இன்றும் என்னை ஒரு கணம் நிறுத்தி வைக்கிறது.