எட்டு மணித் தொடரும் மகளின் நிச்சயமும்

2007 ஆகஸ்ட் 24, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு நாற்பது. மூன்றரைக்குப் பிடித்த மழை நாலேகாலுக்கு விட்டிருந்தது. அதன் பிறகு காற்று ஒரு பொட்டுகூட இல்லை. டியூப் லைட்டைச் சுற்றி ஈசல் பறந்துகொண்டிருந்தது. வேப்பூரிலிருந்து வந்த வேன் எங்கள் தெருமுனைச் சேற்றில் நின்றது. ஒன்பது பேர் இறங்கினார்கள். அவர்கள் கையில் ஏழு தட்டுகள்.

எண்ணுவதுதான் என் தொழிலாக இருந்தது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கீப்பர். சூளையிலிருந்து வரும் கப்பு, சாசர், ஜாடி எல்லாவற்றையும் நல்லது, மட்டம், உடைசல் என்று மூன்றாகப் பிரித்து எண்ணி வைப்பேன். ஓய்வு பெற்ற மறுநாள் எண்ண ஒன்றும் கிடைக்காமல் வீட்டு ஜன்னல் கம்பிகளை எண்ணினேன். மனைவி பார்த்துவிட்டு, "நாளைக்கும் அத்தினிதான் இருக்கும். சாப்புட வாங்க" என்றாள்.

அப்படிக் கிடந்தவனுக்குத்தான் அந்த எட்டு மணித் தொடர் வந்து வாய்த்தது. ஓர் அரசியல் குடும்பத்தின் கதை. வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலுக்குப் போன ஒருவரில் ஆரம்பித்து, அவர் மகன் 'பெரியய்யா' மந்திரியாகி, கட்சி நடத்தி, கிழவனாகி, இப்போது ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். பெரியய்யாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் கார் விபத்தில் போய்விட்டான். அவனுடைய மனைவியும் ஒன்பது வயதுப் பெண்ணும் அதே பங்களாவில் இருந்தார்கள். கட்சி யாருக்கு? இளைய மகனுக்கா, மூத்த மருமகளுக்கா? திங்கள் முதல் வெள்ளி வரை இதே கேள்வி.

நான் அந்தத் தொடரைப் பார்த்தேன் என்பதைவிடத் தணிக்கை செய்தேன் என்பதே சரி. நாற்பத்தேழில் நடக்கும் ஒரு காட்சியில் தலைவர்கள் டீ குடித்த கப்பைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அந்தக் காதுப்பிடி அச்சு எங்கள் தொழிற்சாலைக்கே எண்பத்து மூன்றில்தான் வந்தது. "சுதந்திரமே வந்துடுச்சி, கப்பு வரக் கூடாதா?" என்றாள் மனைவி. அவள் மருமகள் கட்சி. நான் இளைய மகன் கட்சி. இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு ஒரு பொதுக்குழுக் கூட்டம் போலத்தான் நடந்தது.

மகளுக்கு இருபத்தேழு வயது. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். அதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் என்னால் போயின. ஒருவனுடைய அனுபவ வருஷங்களைக் கூட்டிப் பார்த்தேன். அவன் பதினோரு வயதில் வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும். அதைச் சபையில் சொன்னேன். இன்னொரு வீட்டில் பையனுக்கும் அவன் தம்பிக்கும் ஆறு மாதம்தான் வித்தியாசம் வந்தது. அதையும் சொன்னேன். அவன் தம்பி சித்தி மகன் என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவதாக வந்ததுதான் வேப்பூர் இடம். நல்லூரில் இருக்கும் என் மனைவியின் தம்பி கொண்டுவந்தான். பையன் டிப்ளமோ படித்தவன். வேப்பூரில் ஹைவேயை ஒட்டி அப்பா நடத்தும் ஹோட்டலை அவரோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறான். பெண் பார்க்க வந்த அன்று கொல்லைப்பக்கம் நின்று மகளோடு கொஞ்ச நேரம் பேசினான். அவர்கள் போன பிறகு மகள் தானாகவே வந்து, "எனக்குச் சரிப்பா" என்றாள். அவள் இப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

பேசி முடித்துத் தட்டு மாற்றிக்கொள்ளத்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்திருந்தார்கள். மச்சான் காலையிலேயே வந்து என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னான்.

"மாமா, அவுங்க வூடு அந்தக் கட்சி. நீங்க இந்தக் கட்சி. கட்சிப் பேச்சு மட்டும் எடுக்காதீங்க. மத்தது எத வேணா பேசுங்க."

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசும்போது இது எழுதாத சட்டம். இரண்டு தரப்பும் வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டு மழை, விலைவாசி, முட்டி வலி என்று பேசுவோம். நானும் அதில் உறுதியாகத்தான் இருந்தேன். ஆனால் ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரம் எட்டு நாற்பதுக்கு மேல். ஏழே முக்காலுக்குள் மழை, விலைவாசி, முட்டி மூன்றும் தீர்ந்துவிட்டன. பையனுடைய அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"தப்பா நெனைக்காதீங்க சம்மந்தி. எட்டு மணி ஆவுது. டிவிய கொஞ்சம்..."

என் நெஞ்சு குளிர்ந்தது. இவரும் நம்ம ஆள். மச்சான் முகத்திலும் நிம்மதி. தொடர்தானே, கட்சி இல்லையே. நானே எழுந்து போட்டேன். அன்றைக்கு என்று பார்த்துக் கரண்டும் போகவில்லை. போயிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

திரையில் பெரியய்யா மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். இளைய மகன் வாசலில் தொண்டர்களோடு நின்றான். மருமகள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு தலைமுறையா கட்டிக் காப்பாத்துன கட்சி. என்னா ஆவப்போவுதோ" என்று சம்பந்தி பெருமூச்சு விட்டார்.

"நாலு" என்றேன்.

"என்னாங்க?"

"நாலு தலைமுறை. ஜெயிலுக்குப் போனவரு ஒண்ணு, பெரியய்யா ரெண்டு, புள்ளைங்க மூணு, பேத்தி நாலு."

"சின்னப் புள்ளைய எப்புடிங்க தலைமுறையில சேக்கறது? அதுக்கு ஓட்டே கெடையாது."

"ஓட்டு இல்லன்னா பொறக்கலன்னு ஆயிடுமா?"

மனைவி சமையலறை வாசலிலிருந்து கண்ணைக் காட்டினாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். சம்பந்தி சிரித்துக்கொண்டேதான் அடுத்ததைச் சொன்னார்.

"எங்க ஓட்டல்ல லாரி டிரைவருங்க அத்தன பேரும் சொல்றாங்க, சின்னவருக்குத்தான் வரும்னு. மருமவ என்னா இருந்தாலும் வெளியூட்டுப் பொண்ணு. அதுங்கிட்ட யாராவது கட்சிய குடுப்பாங்களா?"

அதையேதான் இரண்டு மாதமாக நானும் என் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய அதே வார்த்தைகளில். ஆனால் நாலை மூன்று என்று சொன்ன மனிதர் சொல்லும்போது அது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. மனைவி இரவுச் சாப்பாட்டில் எனக்கு எதிராகச் சொன்ன வாதம் எல்லாவற்றையும், ஒன்று விடாமல், என் குரலில் எடுத்து வீசினேன். அந்த வீட்டைத் தாங்கியவள் யார், பெரியய்யாவுக்கு மாத்திரை கொடுப்பவள் யார், சின்னவன் இதுவரை எத்தனை தேர்தலில் தோற்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அப்ப உங்க வூட்டுக்கு வரப்போற மருமவளும் வெளியூட்டுப் பொண்ணுதானா?"

டிவியில் விளம்பரம் ஓடியது. சம்பந்தி டீக்கப்பை அப்படியே வைத்தார். ஒன்பது கப்பில் அது ஒன்றுதான் குடிக்காதது.

"பொண்ணக் குடுக்கறதுக்கு முன்னாடியே இந்தப் பேச்சா?" என்றார். "வண்டிய எடுக்கச் சொல்லுப்பா."

மச்சான் குறுக்கே விழுந்தான். "மாமா, தொடருங்க அது! வெறுந் தொடரு!" யாரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு தட்டாக எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். பையன் கடைசியாகப் போனான். சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். வாசலில் நின்ற எனக்கு அந்த நேரத்திலும் கை சும்மா இருக்கவில்லை. எண்ணினேன். ஆறு தட்டுதான் வெளியே போனது.

ஏழாவது தட்டு டிவி ஸ்டாண்டுக்குக் கீழே இருந்தது. இடம் போதாமல் நான்தான் அங்கே தள்ளி வைத்திருந்தேன். தேங்காய், வாழைப்பழம், ஒரு முழம் பூ.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மொத ரெண்டையும் கணக்குப் போட்டுக் கலைச்சீங்க. இத டிவி போட்டுக் கலைச்சிட்டீங்க. எனக்கு அவரப் புடிச்சிருந்துதுப்பா. அத மட்டும் எண்ணாம வுட்டுட்டீங்க."

மனைவி கப்புகளைப் பொறுக்கிக்கொண்டே, "இத்தினி வருஷத்துல ஒரு நாளு ரிமோட்ட என் கையில குடுத்ததில்ல. மருமவளுக்குக் கட்சிய வாங்கிக் குடுக்கப் போனாராம்" என்றாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. ஞாயிறு மாலை நல்லூரிலிருந்து மச்சான் போன் செய்தான். தட்டு இங்கே கிடக்கும் செய்தியைச் சொன்னேன். அவன் குரலே மாறிவிட்டது.

"கெடக்குதா? அப்ப பேச்சு இன்னும் முறியல மாமா. வந்த தட்ட வெறுந்தட்டா திருப்பக் கூடாது, வேற ஆளுகிட்ட குடுத்தும் அனுப்பக் கூடாது. நீங்களே பழம் பூ வெச்சி எடுத்துக்கிட்டுப் போங்க. அவுங்களும் அதுக்குத்தான் கேக்காம இருக்காங்களோ என்னாவோ."

மகள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். போனை வைத்ததும் சொன்னாள்: "போயி, மன்னிச்சிக்குங்கன்னு சொல்லுங்க. ஒரு வார்த்ததான். வேணும்னா எண்ணிப் பாருங்க."

திங்கட்கிழமை வாழைப்பழம் கறுத்திருந்தது. புதுப் பழமும் பூவும் வாங்கி வைத்து, தட்டைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வேப்பூர் பஸ்ஸில் உட்கார்ந்தேன். எங்கள் மாவட்டத்து மங்களூருக்குப் போகிற ஒருவர், "என்னாங்க, பேரப்புள்ளைக்குக் காதுகுத்தா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கினால் தலைமுறையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஹோட்டலுக்குள் நுழையும்போது எட்டு மணிக்குச் சில நிமிடங்கள் இருந்தன. சம்பந்தி கல்லாவில் இருந்தார். பார்த்தார், பார்க்காத மாதிரி சில்லறையைப் பிரித்தார். பையன்தான் ஓடிவந்து டேபிளைத் துடைத்து உட்கார வைத்தான். கல்லாவிலிருந்து குரல் வந்தது: "சாருக்கு என்னா வேணும்னு கேளு." 'சம்மந்தி' போய் 'சார்' ஆகியிருந்தேன். இரண்டு இட்லி சொன்னேன். வாயைத் திறந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் சுவரில் மாட்டியிருந்த டிவியில் தொடரின் பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஹோட்டல் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தது. நானும்தான்.

அன்றைக்குத் தீர்ப்பு. கட்சிக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் மருமகள். சம்பந்தி கல்லாவை விட்டே எழுந்து வந்து என் டேபிளுக்குப் பக்கத்தில் நின்றார். பெரியய்யாவின் விரல் அசைந்தது. கண் திறந்தது. மூக்குக் குழாயைத் தானே பிடுங்கிப் போட்டார். "தேர்தல் எப்போது?" என்று கேட்டார். சொன்னார்கள். "நானே நிற்கிறேன்" என்றார். 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள்.

மூலையில் பரோட்டா தின்றுகொண்டிருந்த டிரைவர், "அடப்பாவி கெழவா" என்றார்.

"ரெண்டு மாசமா செத்துட்டேன் செத்துட்டேன்னு படுத்துக் கெடந்து" என்று சம்பந்தி என்னைப் பார்த்தே சொன்னார், "நம்ம ரெண்டு பேரையும் அடிச்சிக்க வுட்டு வேடிக்க பாத்திருக்கான் பாருங்க."

"நாப்பத்திரண்டு எபிசோடு" என்றேன்.

"அத்தினியா?" என்றார். மறுக்கவில்லை.

அடுப்படியிலிருந்து சம்பந்தியம்மா குரல் வந்தது. "இதுல அதிசயம் என்னா இருக்குது? எம்புள்ளைக்கு முப்பது வயசாவுது. கல்லாச் சாவி இன்னும் யாரு இடுப்புல தொங்குது?"

டிரைவர்கள் சிரித்தார்கள். பையன் தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் பையிலிருந்து தட்டை எடுத்து டேபிளில் வைத்தேன். "மன்னிச்சிக்குங்க" என்று ஆரம்பித்தேன். முக்கால் வார்த்தைதான் வெளியே வந்தது.

"வுடுங்க சம்மந்தி" என்றார் அவர். "வெளியூட்டுப் பொண்ணுன்னு நானுந்தான் ஒரு வார்த்த வுட்டுட்டேன்."

சம்பந்தியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து தட்டைத் தொட்டுக் கும்பிட்டு எடுத்தார். கணவரைப் பார்த்துச் சொன்னார்: "வெளியூட்டுப் பொண்ணுதான் முப்பத்திரண்டு வருஷமா இந்த ஓட்டல்ல தோச சுடறா. சொல்லுங்க உங்க சம்மந்திகிட்ட." பிறகு என்னிடம், "தட்டு ஒண்ணு கொறையுதுன்னு அன்னிக்கே தெரியும்ணே. நாந்தான் கேக்க வேணாம்னேன். மருமவள நல்லா இருக்கச் சொல்லுங்க" என்றார்.

இட்லிக்குக் காசு வாங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை நேரமாகப் பார்த்துத் தட்டு மாற்றிக்கொண்டோம். காலையில் தொடர் கிடையாது. கல்யாணம் ஐப்பசியில், விருத்தாசலத்தில் மண்டபம்.

அப்போதெல்லாம் பேனர் இல்லாமல் கல்யாணம் இல்லை. பேனரில் தலைவர் படம் இல்லாமல் பேனர் இல்லை. யார் படம்? எங்கள் தலைவர் சிரித்தால் வேப்பூர்க்காரர்கள் உள்ளே வர மாட்டார்கள். அவர்கள் தலைவர் சிரித்தால் என் பங்காளிகள் சாப்பிடாமல் போவார்கள். சம்பந்தியும் நானும் போனில் நெடுநேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். இருவருக்கும் பொதுவாகத் துரோகம் செய்தவர் ஒருவர்தான் இருந்தார்.

மண்டபத்து வாசலில் பன்னிரண்டுக்கு எட்டடியில் பெரியய்யா இரண்டு கைகளையும் தூக்கி மணமக்களை வாழ்த்தினார். அவர் முகம் மணமக்கள் முகத்தைப் போல நாலு மடங்கு இருந்தது. மங்களூரிலிருந்து வந்த ஒரு பெரியப்பா முறைக்காரர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, இவர் எந்த இலாகா மந்திரி என்று என்னிடம் கேட்டார். மாலையும் கழுத்துமாக வந்த மகள் அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, கல்யாணம் எனக்கா, இந்தக் கெழவனுக்கா?"

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை சிரித்தான். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் அந்தப் பேனருக்குக் கீழேயே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

பேனர் செலவில் பாதி தருவதாகச் சம்பந்தி சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. கேட்டால் பாதி எவ்வளவு என்று பேச்சு வரும். என்னை எனக்குத் தெரியும். பேனர், சவுக்குக் கம்பம், கட்டியவர் கூலி, வேப்பூர் போய்வந்த பஸ், கறுத்துப் போன பழத்துக்குப் பதில் பழம், பூ, எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு ஆயிரத்து அறுநூற்று எண்பத்து நான்கு ரூபாய்.