காத்திருந்தோமய்யா

கழுத்தளவு வெந்நீரில் தொட்டிக்குள் உட்கார்ந்து, கண்ணை மூடி, அடிவயிறு வரை மூச்சை இழுத்து, "கிரிஷிமாயா" என்று ஒரு கத்து கத்திவிட்டுத்தான் குவாபரா தெய்ஜி எழுந்து துண்டைத் தேடுவார். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பூனை மதிலை விட்டு இறங்கிப் போய்விடும். அடுப்படியில் சூப் கிண்டிக்கொண்டிருக்கும் மனைவி மிசாவோ மட்டும் தலையைக்கூடத் திருப்ப மாட்டாள். "கத்தி முடிச்சாச்சுன்னா வெளியில வாங்க. தண்ணி ஆறிட்டா அப்புறம் நான் எப்படிக் குளிக்கிறது?"

இவரையும் இந்தக் குரலையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வராது. ஒகாயாமா நகரின் தெற்கு ஓரத்தில் உள்ள ஒரு கார் ஓட்டுநர் பள்ளியில் குவாபரா பயிற்சியாளர். ஒல்லியான உடம்பு, கீழே நழுவி நழுவி வரும் மூக்குக் கண்ணாடி. பேசினால் பக்கத்து இருக்கைக்குக் கேட்கும், பின் இருக்கைக்குக் கேட்காது. கடையில் மீதிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தாலும் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று குனிந்து வணங்கிவிட்டு வருகிற மனிதர்.

ஆனால் தமாகி நாடகக் கொட்டகையில் கபுகி என்ற பழைய ஜப்பானிய நாடகம் நடக்கிற நாட்களில் அவர் வேறு ஆள். மேல் மாடியின் கடைசி வரிசை, வலது தூண் ஓரம், வீட்டிலிருந்து கொண்டுவந்த சொந்த மெத்தை. கீழே நடிகர் கால் வைத்துத் தலையை ஒரு சுழற்றுச் சுழற்றி, விழிகளை உருட்டி, சிலையாக நிற்பார். மரக்கட்டைத் தாளம் நின்றுபோகும். அந்த ஒரு கணத்தில் 'கிரிஷிமாயா' என்பது போன்ற நடிகரின் குடும்பப் பட்டப்பெயரை மாடியிலிருந்து யாராவது கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் அந்தச் சிலைக்கு உயிர் வரும், அடுத்த வசனம் புறப்படும். கொஞ்சம் முந்தினால் நடிகரின் காலை வாரிவிட்டது போல ஆகிவிடும். கொஞ்சம் பிந்தினால் சாப்பிட்டவன் ஏப்பம் விட்டது போல இருக்கும். குவாபரா முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை. கத்தி முடித்ததும், வேறு யாரோ கத்தியது போல, மற்றவர்களோடு சேர்ந்து அவரும் திரும்பிப் பார்ப்பார்.

இப்படிக் கூப்பிடுகிறவர்கள் அந்தக் கொட்டகையில் மூன்று பேர்தான். தபால் நிலையத்திலிருந்து ஓய்வுபெற்ற உட்சுமி, மீன் கடை நினோமியா, பிறகு குவாபரா. இவர்களுக்குச் சம்பளம் கிடையாது, டிக்கெட் வாங்க வேண்டியதும் கிடையாது. நாடகத்தின் உச்ச இடம் எதுவோ அதை மற்ற இருவரும் குவாபராவுக்கு விட்டுவிடுவார்கள். அதில் வாய் வைப்பது அடுத்தவன் தட்டில் கை வைப்பது மாதிரி.

இதோடு நின்றிருந்தால் ஊர் பேச ஒன்றும் இருந்திருக்காது. குவாபராவின் தொண்டைக்குக் கொட்டகை எது, வெளியுலகம் எது என்று தெரியவில்லை. எங்கே ஒரு சரியான நிசப்தம் விழுந்தாலும் அது திறந்துகொள்ளும்.

பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் ஹிசாயோ என்ற பெண் அவரிடம் கார் பழகினாள். மேட்டில் வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பும் பாடம். கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்து, வண்டி முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். மற்ற மாணவர்கள் மாதக்கணக்கில் திணறும் இடம் அது. ஹிசாயோ அதை முதல் தடவையிலேயே பிசகில்லாமல் செய்துவிட்டாள். வண்டி அப்படியே நின்றது. இன்ஜின் மெல்ல உறுமியது. குவாபராவின் கண்கள் தாமாக மூடின.

"கிரிஷிமாயா!"

ஹிசாயோ இரண்டு காலையும் தூக்கிவிட்டாள். கார் பின்னால் உருண்டு போய்ச் செடிப் புதருக்குள் உட்கார்ந்தது. பயிற்சியாளரின் காலடியில் தனி பிரேக் உண்டு. கண்ணை மூடியிருந்தவருக்கு அதன் ஞாபகமே வரவில்லை. உடைந்த பூங்கொத்து ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தது. அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள், "சார், கிரிஷிமாயான்னா பிரேக்கா, ஆக்சிலேட்டரா?"

"ரெண்டும் இல்லம்மா. நீங்க நல்லா செஞ்சீங்கன்னு அர்த்தம்."

"அதை மெதுவா சொல்லலாமே சார்."

"மெதுவா சொன்னா அதுக்கு அர்த்தம் மாறிடும்மா."

பள்ளியின் தலைவர் ஷினோசாகி அவரை அறைக்குக் கூப்பிட்டார். "குவாபரா, உங்களுக்கு நாடகம் பிடிக்கும். எனக்கும்தான் கோல்ஃப் பிடிக்கும். அதுக்காக நான் மட்டையோட கார்ல ஏறுறேனா?" குவாபரா குனிந்து வணங்கினார். வேடிக்கை என்னவென்றால், அவரிடம் பழகியவர்கள் யாரும் மேட்டுப் பரீட்சையில் தோற்றதில்லை. ஒருவித எதிர்பார்ப்போடு வண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். பரிசோதகர்களே சொன்னார்கள்.

அந்தக் கோடையில் மாமனார் காலமானார். மிசாவோவின் அப்பா, தொண்ணூறைத் தாண்டியவர், நெடுநாள் படுக்கையில் கிடந்தவர். கோயில் மண்டபத்தில் உறவினர் எல்லோரும் கறுப்பு உடையில் மண்டியிட்டிருந்தார்கள். குவாபரா இரண்டு இரவாகத் தூங்கவில்லை. மாமனாரின் பக்கத்திலேயே இருந்து ஊதுவத்தி அணையாமல் பார்த்துக்கொண்டது அவர்தான். சூத்திரம் ஓத வந்த பிக்குவோ கனத்த சாரீரம் உடையவர். மெல்லத் தொடங்கி, படிப்படியாக ஏற்றிக்கொண்டு போய், உச்சியில் வெண்கலக் கிண்ணத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார். நாதம் சுருண்டு சுருண்டு அடங்கியது. மண்டபத்தில் ஒரு விசிறிகூட அசையவில்லை.

"இதுக்குத்தான் காத்திருந்தோமய்யா!"

கொட்டகையில் எல்லோரும் எதிர்பார்த்திருந்த கட்டம் வரும்போது கத்துகிற வார்த்தை அது. சவப்பெட்டிக்கு எதிரே மாப்பிள்ளை கத்துகிற வார்த்தை அல்ல.

பிக்குதான் முதலில் சுதாரித்தார். அடுத்த பகுதியை முன்னைக் காட்டிலும் ஒரு சுருதி ஏற்றி, அத்தனை அழகாக ஓதினார் என்று பின்னால் எல்லோரும் மனசில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். சடங்கு முடிந்ததும் மிசாவோவின் அண்ணன் யோஷிஹிரோ எழுந்து வந்தார். கழுத்தும் தோளும் ஒன்றாகிவிட்ட பருத்த மனிதர்; சாப்பாட்டுப் பெட்டி தயாரித்து விற்கும் கடை வைத்திருப்பவர். தமாகி கொட்டகைக்குப் பெட்டி போவதும் அவர் கடையிலிருந்துதான்.

"எதுக்குக் காத்திருந்தீங்க மாப்பிள்ளை? சொல்லுங்க. எல்லாரும் கேட்கட்டும்."

"அது வந்து... அவர் நிறுத்தின இடம்..."

"எங்கப்பா மூச்சை நிறுத்தின இடமா?"

"ஐயோ, இல்லீங்க. சாமியார் நிறுத்தின இடம்."

"அந்த வாய் கொட்டகையில பழகித்தான் கோயில்ல திறக்குது. அங்கேயும் மூடுங்க. இல்லன்னா நாப்பத்தொம்பதாம் நாள் சடங்குக்கு நீங்களும் வர வேண்டாம், என் தங்கச்சியும் வர வேண்டாம்."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த குவாபராவிடம் பிக்கு ரகசியமாக வந்து, "எந்த இடம் நல்லா இருந்துச்சு? கிண்ணத்துக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்டார். குவாபரா குனிந்து வணங்கிவிட்டு மறு செருப்பை மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மிசாவோ அழுதாள். கணவனைத் திட்டவில்லை. "அப்பாவுக்கு நான் ஒரே பொண்ணு. கடைசிச் சடங்குல நான் இல்லாம இருக்கவா?" என்று மட்டும் கேட்டாள். குவாபரா பாயில் நெற்றி படக் குனிந்து, இனிமேல் எங்கேயும் கத்துவதில்லை என்று வாக்குக் கொடுத்தார்.

வாக்கைக் காப்பாற்றினார். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. தொலைக்காட்சியில் சுமோ மல்லர்கள் குனிந்து ஒருவரை ஒருவர் முறைக்கத் தொடங்கினால் எழுந்துபோய்க் கை கழுவுவார். மேட்டுப் பாடத்தின்போது கைக்குட்டையைக் கடித்துக்கொள்வார். ஏதோ குறைகிறது என்று மாணவர்கள் பயிற்சியாளரைத் திரும்பிப் பார்த்து, பார்த்த மாத்திரத்தில் பின்னால் உருண்டார்கள். வாரம் இரண்டு முறை புதருக்குள். உள்ளே அடங்கிய குரல் விக்கலாக மாறியது. லிஃப்ட் கதவு மூடி, நகர்வதற்கு முன் ஒரு சின்ன நிசப்தம் உண்டே, அங்கே ஒரு விக்கல். மின்சார அடுப்பு மணியடிப்பதற்கு முன்னால் ஒரு விக்கல். சாப்பாடு பாதியானது. ஷினோசாகியே ஒருநாள் கூப்பிட்டு, "குவாபரா, வேணும்னா வாரத்துக்கு ஒரு தடவை மட்டும்..." என்று இழுத்தார். குவாபரா தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

அந்த நிலையில்தான் ஷிரகி ஹந்நோசுகே ஊருக்கு வந்தார். கிரிஷிமாயா குடும்பத்துப் பெரிய நடிகர். எண்பதை நெருங்குகிறவர், முழங்கால் கெட்டுப்போனவர். ஒருநாள் ஆட்டம், அதுவும் நாற்பத்தொன்பதாம் நாளுக்கு முந்தின ஞாயிறு. இனி இந்தப் பக்கம் வர மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். குவாபரா எதுவும் கேட்கவில்லை. விக்கினார். மிசாவோதான் சொன்னாள்: "பார்த்துட்டு வரலாம். நானும் வர்றேன். வாயைத் திறக்கக் கூடாது."

காவலுக்கு வந்தவள் ஒரு டப்பா நிறைய மோச்சி கொண்டுவந்திருந்தாள். ஒட்டிக்கொள்ளும் அரிசி மாவுருண்டை. ஒன்றை வாயில் போட்டால் சுலபத்தில் நாக்கு புரளாது. மரக்கட்டைத் தாளம் வேகம் பிடிக்கும்போதெல்லாம் கணவன் வாயில் ஒன்றைத் திணித்தாள். இன்னொரு கை அவர் சட்டைக் கையைச் சுருட்டிப் பிடித்திருந்தது. மாடிப்படி வாசலில் காலிப் பெட்டிகளை அடுக்குகிற சாக்கில் யோஷிஹிரோவே வந்து நின்றிருந்தார். பெட்டியை ஒரு கண்ணும் மாப்பிள்ளையை ஒரு கண்ணும் பார்த்துக்கொண்டிருந்தன.

நடிகர் நுழையும்போது நினோமியா கூப்பிட்டார். சண்டை முடிவில் உட்சுமி கூப்பிட்டார். வாக்குக் கொடுத்த விஷயத்தை வெட்கத்தினால் குவாபரா அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. ஆகவே உச்ச இடத்தை வழக்கம் போல அவருக்கு விட்டுவிட்டு இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஹந்நோசுகே சபையின் நடுவே நீளும் நடைமேடையில் வந்து நின்றார். வலது காலை ஓங்கி வைத்தார். தலை சுழன்றது. கை விரிந்தது. ஒரு விழி மூக்கை நோக்கிப் போய் நின்றது. மரக்கட்டை இரண்டு முறை ஒலித்து ஓய்ந்தது.

நிசப்தம்.

கூப்பிடாமல் அந்த நடிகர் அசைய மாட்டார். அவர் அப்பாவும் அசைந்ததில்லை. அவர் நின்றார். கீழே ஒருவர் இருமிவிட்டு அடக்கிக்கொண்டார். உட்சுமியின் கழுத்து மெல்லத் தூண் பக்கம் திரும்பியது. நினோமியா ஜாடையில் கை நீட்டினார், உன் இடம், உன் இடம் என்று. தாளக்காரர் கட்டைகளைத் தூக்கியவர் தூக்கியபடியே இருந்தார். நடிகரின் வெள்ளை பூசிய நெற்றியிலிருந்து ஒரு கோடு வழிந்தது. விறைத்த பெரிய சட்டைக் கையின் ஓரம் மெல்ல ஆடத் தொடங்கியது. முழங்காலின் நடுக்கம் அங்கே வந்து தெரிந்தது. கடைசி வரிசைக்கும் தெரிந்தது.

குவாபரா மோச்சியை விழுங்கினார். தொண்டையில் அது இறங்குவதை மிசாவோ பார்த்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு விக்கல் வந்து தோளைக் குலுக்கிவிட்டுப் போனது.

மிசாவோ அதுவரை மேடையைப் பார்க்கவே இல்லை, இப்போதுதான் பார்த்தாள். "பாவம், பெரியவர் விழுந்துருவார் போல இருக்கே" என்று முணுமுணுத்தாள். பிறகு மாடிப்படி வாசலில் நின்ற அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தார்.

மிசாவோ கணவனின் சட்டைக் கையை விட்டாள். சுருங்கிப்போன துணியை ஒரு தடவை நீவிவிட்டாள். மோச்சி டப்பாவை மடியில் மூடி வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் தன் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டாள்.